சுரங்கத்தில் இறங்காத அத்தை

பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி கேண்டீன் வரிசையில், கையில் தட்டோடு மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது சட்டை முழுக்க சாம்பார். சபையாரே, எல்லாரையும் சிரிக்க வைத்தே ஐம்பது வயதைத் தொட்டவன் நான். அன்று என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இருதய டாக்டரம்மா கேட்டார். "உங்க அப்பா எப்படிப் போனாரு?"

"திடீர்னுதான் மேடம். மைன்ஸ் தூசி. நாங்க கோலார் தங்கவயல்காரங்க."

"அதே மாதிரி வேற யாராச்சும்?"

"அத்தை. துணி காயப்போடறப்பவே."

"அவங்களும் மைன்ஸ்ல வேலையா?"

"இல்ல... அப்பா துணியைத் துவைச்சாங்களே, அந்தத் தூசி..."

சொல்லும்போதே அந்தக் கணக்கு எனக்கே உதைத்தது. எங்கள் வீட்டில் யார் செத்தாலும் பழி சுரங்கத்துக்குத்தான். அது மூடிய பிறகு வேலைக்கு வந்தவன் என்பதால், நான் தப்பித்தேன் என்றே இருந்துவிட்டேன்.

இரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு உண்டாம். அதன் உள்சுவரைத் தாங்கும் புரதத்துக்கான மரபணுவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிழை. இருதயம் ஓயாமல் இழுபடுவதால், பலமில்லாத அந்தச் சுவர் அங்கே சேதமாகிறது. துடிப்பு தடுமாறி, ஒருநாள் சட்டென்று நின்றுவிடலாம். அப்பாவும் அத்தையும் இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நெஞ்சுக்குள் ஒரு மெஷின் வைத்தார்கள். துடிப்பு தறிகெட்டால் அது மின்சாரம் கொடுத்துச் சரிசெய்யுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாடிப்படி ஏறமாட்டேன். தும்மல் வந்தால் அடக்குவேன். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அழுதுகொண்டே குரல்பதிவு அனுப்பி விடைபெற்றேன். பின்னணியில் டிவி காமெடி ஓடியதை மாமியார்தான் சுட்டிக்காட்டினார். ஜெபமும் அந்த லட்சணத்தில்தான்: "ஆண்டவரே, ரிப்போர்ட் பக்கத்து பெட்காரருடையதாக இருக்கட்டும்." பிறகு பயந்துபோய், "அவரும் வேண்டாம், உயிரை மட்டும் காப்பாற்றும்" என்று திருத்தினேன்.

பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம். போதகர் என் தலையில் கைவைத்து, "இவரைத் தொடும், ஆண்டவரே!" என்றார்.

நெஞ்சில் மாடு உதைத்ததுபோல் ஒரு அடி. தூக்கி எறியப்பட்டேன்.

"அல்லேலூயா!" என்று, பரிசுத்த ஆவி இறங்கிய சந்தோஷத்தில் வீடே அதிர்ந்தது.

"அய்யோ, ஆவி இல்லீங்க, மெஷினு! யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்க!" என்று என் மனைவி மெர்சி அலறினாள்.

ஆஸ்பத்திரியில் மெஷினின் பதிவைப் பார்த்த டாக்டரம்மா அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மெஷின் இல்லேன்னா நீங்க இப்ப இல்ல" என்றார். நான் சிரிக்க முயன்றேன். அழுகைதான் வந்தது. நான் கேட்ட உயிரை ஆண்டவர் என் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தார். நான் அதைச் சந்தேகத்தோடு தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கள் மகளுக்கும் இந்தப் பிழை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தவள், மறுநாள் தானே கிளம்பினாள். அவளுக்கும் இருக்கிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

"அத்தைப் பாட்டிக்குத் தெரியாமலே போச்சு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குப்பா. ஸ்தோத்திரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன். காரணம் தெரியாத திடீர்ச் சாவுகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் முழங்கால் போடுங்கள்; எழுந்ததும் நேரே டாக்டரிடம் போங்கள். இரண்டு இடத்திலும் ஆண்டவர் இருக்கிறார்.