வெண்டல் க்ரூபர் காருக்கு நிறம் பார்த்த கதை

அமெரிக்காவின் டோலிடோ நகரில் கண்ணாடித் தொழிற்சாலை இயந்திரங்களோடு காலம் முழுக்க மல்லுக்கட்டியவர் வெண்டல் க்ரூபர். இளவயதில் அவர் எலக்ட்ரீஷியன் ஆகத்தான் ஆசைப்பட்டார். பயிற்சிக்குச் சேரப் போன இடத்தில் புள்ளிப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். அவருக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே சேற்று நிறம். கம்பிகளின் நிறம் தெரியாதவனுக்கு இங்கே வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மனைவி மாக்சினைத் தவிர வேறு யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றதும், துருப்பிடித்துக் கிடந்த ஒரு ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையில்லாத பழைய ஆங்கிலேயக் கார். அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். எஞ்சினைப் பிரித்து மேசைமேல் பரப்பி, திரும்ப ஒன்றுசேர்த்தார். வயரிங் வேலைக்கு மட்டும் மாக்சின் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். கடைசியாக பெயின்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் அவருடைய நிம்மதி போனது.

பெயின்டர் லோனி பெட்ராக், தகரத் துண்டுகளில் விதவிதமான நிறங்களை அடித்துக் கொண்டுவந்து கராஜ் வாசலில் வெயிலில் சாய்த்து வைத்தான். மாக்சின் சிவப்பைக் காட்டினாள். பழைய கார் சங்கத்தின் ஹார்லன் ஸ்டோக்ஸ், கூப்பிடாமலே வந்து நின்று, எஞ்சின் பக்கத்தில் கம்பெனிக்காரன் பதித்த தகட்டில் நிறம் பச்சை என்றுதான் இருக்கிறது, பச்சையைத் தவிர எதை அடித்தாலும் அது அந்தக் காரே இல்லை என்றார். ஹார்லன் பச்சையைப் பைன் காடு மாதிரி என்றார். மாக்சின் சிவப்பைச் செர்ரிப் பழம் மாதிரி என்றாள். வெண்டலுக்கு இரண்டும் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி இருந்தன. மூலையில் இருந்த மஞ்சள் துண்டு மட்டும்தான் கண்ணில் பளிச்சென்று அடித்தது.

"இது நல்லாயிருக்கே," என்றார் மெதுவாக.

"ஸ்கூல் பஸ்ஸா ஓட்டப் போற?" என்றார் ஹார்லன். மாக்சின்கூடச் சிரித்துவிட்டாள்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஹார்லன் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாரக்கணக்கில் அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் பார்த்தார், நனைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் சேறு சேறுதான். லோனி போன் செய்து, முடிவு சொல்லாவிட்டால் வேறு வண்டியை உள்ளே ஏற்றப்போவதாக மிரட்டினான். சலித்துப்போய், "ஏதோ பச்சையை அடிச்சுத் தொலை," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

கார் வந்த அன்று தெருவே கூடி வியந்தது. எல்லோரும் பச்சையைப் பாராட்டப் பாராட்ட அவருக்கு எரிச்சல்தான் ஏறியது. தன் கையால் உயிர் கொடுத்த வண்டியின் அழகை ஊரே பார்க்கிறது, தனக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை.

ஜூலையில் சங்கத்தின் கண்காட்சி. பூங்காப் புல்வெளியில் கார்கள் வரிசையாக நின்றன. ஹாட்டாக் வாங்கிக்கொண்டு திரும்பிய வெண்டல் நேராகப் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஸ்டீயரிங் வேறு மாதிரி இருந்தது. அவருடைய கார் பக்கத்தில் நின்றது. அவர் உட்கார்ந்திருந்தது அதே மாடலில் வேறொருவரின் சிவப்புக் கார்.

"என்னப்பா, பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா குடிச்சிருக்க?" என்று ஹார்லன் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"குடிக்கல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. என் சட்டை என்ன நிறம், இந்தக் கெட்சப் என்ன நிறம் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். சிக்னலில் எப்படி நிற்கிறாய் என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு விசாரித்தார். வெண்டல் பாதிக் கண்காட்சியிலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், லோனியின் பட்டறை முன்னால் நிறுத்தினார்.

நல்ல பெயின்ட்டைச் சுரண்டச் சொல்கிறாரே என்று லோனிக்கு ஆத்திரம். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. இதுல ஒரு கீறல்கூட இல்லய்யா."

"இருக்கட்டும். மஞ்சள் அடி."

மாக்சின் அதைவிடக் கோபித்தாள். பேசித் தீர்த்திருக்க வேண்டியதை இத்தனை நாள் மென்று விழுங்கிவிட்டு, இப்போது இரட்டை வேலை வைக்கிறாரே என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஹார்லன், அந்தக் கார் தயாரான ஆண்டில் மஞ்சள் நிறமே கிடையாது என்று சொல்லி, காரைப் போட்டிக்கு எடுத்துக்கொள்ள மறுத்தார். அடுத்த வருடம் சங்கத்துக்குச் சந்தா கட்டாமல் விட்டுவிட்டார் வெண்டல்.

மஞ்சள் காரில் முதல்முறையாக இருவரும் ஏரிக்கரைக்குப் பெர்ச் மீன் சாப்பிடப் போனார்கள். மேசையிலிருந்து பார்த்தால் வண்டி தெரிந்தது. மாக்சின் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அச்சு அசல் கடுகு சாஸ் என்றாள்.

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கடுகு சாஸா? நல்லாப் பாரு. அது சோளம். வெண்ணெய் தடவின சோளம்."

"கடுகு சாஸ்தான்."

"சோளம்."

பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் கேட்டார். அவள் வாழைப்பழம் என்றாள். அவளுக்கும் கண் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வெண்டல் மீனைத் தொடர்ந்து தின்றார்.