மாலத்தீவு போகும் என் பெட்டி

இன்று காலை கீழ்வீட்டு ரேகா வந்தாள்.

"அக்கா, உங்க ஊட்டுல பெரிய பெட்டி எதுனா கீதா? புதன்கிழமை நானும் அவரும் மாலத்தீவு போறோம்."

கள்ளிக்குப்பத்தில் தண்ணீர் லாரிக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் காத்து நிற்போம். இத்தனை நாளில் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினேன். என் கல்யாணத்துக்கு வாங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அது பார்த்த ஒரே கடல் திருச்செந்தூர்.

"என்னென்ன எடுத்துகினு போணும்கா?" என்று கேட்டாள், நான் ஏதோ தீவு தீவாகச் சுற்றியவள் போல.

"ஸ்வெட்டர் எடுத்துக்கோ. போர்வை ரெண்டு. இட்லிப் பொடி, ஊறுகாய், சின்ன குக்கர் ஒண்ணு."

"அங்க வெயில் கொளுத்துமாம். ஸ்வெட்டர் இன்னாத்துக்குக்கா?"

"ப்ளேன்ல குளிரும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் கையில் வைத்திருந்த அந்த அகலத் தொப்பிக்குப் பெட்டியில் இடம் இருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அவளோ தொப்பியைத்தான் முதலில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்துகொண்டது.

"சுத்தமா தொடச்சுத் திருப்பித் தரேன்கா."

"தொடைக்கவெல்லாம் வேணாம். ஏர்போர்ட்ல கைப்பிடியில ஒரு சீட்டு ஒட்டுவாங்க, அதை மட்டும் கிழிச்சிடாத" என்றேன்.

பொங்கலுக்கு முத்தாபுதுப்பேட்டை நாத்தனார் வீட்டுக்கு அந்தச் சீட்டோடுதான் போகப்போகிறேன். எந்த ஓட்டலில் தங்கினீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். ரேகாவிடம் கேட்க மனசு வரவில்லை.