கரிவலம் பாதையோரம் ஒரு கிரஷர் இருந்தது

காலை ஏழு மணி சுமாருக்கு மதுரையில் செங்கோட்டை ரயில் ஏறினோம், நானும் அம்மாவும். ஆளுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். ஒன்பதரைக்குச் சங்கரன்கோவில். நாற்பத்திரண்டு வருடம் கழித்து அம்மா அந்தப் பிளாட்பாரத்தில் கால் வைத்தாள். கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"மொதல்ல கிரஷர்" என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் சிரித்தார். "கல்லு ஒடைக்கிற கிரஷரா அண்ணாச்சி? மிஷின எப்பமோ கழட்டிட்டுப் போயிட்டாவ. அங்கன இப்பம் முள்ளுக்காடுதான்." இருநூறு ரூபாய் பேசி, கரிவலம்வந்தநல்லூர் பக்கமாக ஐந்து கிலோமீட்டர் போனோம்.

மணி பத்து. தண்டவாளத்தை ஒட்டிச் சீமைக்கருவேலம். உள்ளே ஒரு சிமெண்டு மேடை, அதில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள். கிரஷரில் மிச்சம் அவ்வளவுதான். அம்மா நடந்து காட்டினாள். இங்கே லாரி கல்லைக் கொட்டும். இங்கே பெல்ட் ஓடும். இங்கே ஜல்லி குவியும், அதில் பாதி ரயில் பாதைக்கே போகும். பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஆறு மாதக் கர்ப்பிணியாகக் கூடை சுமந்தபோது அவள் முந்தானை பெல்ட்டில் சிக்கியது அங்கேதான். கூட வேலை பார்த்த பாப்பாத்தி பாய்ந்து இழுத்தாள். அம்மா தப்பினாள், பாப்பாத்திக்கு இரண்டு விரல்கள் போயின. மறுநாளே அப்பா அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கவில்லையே என்பது அம்மாவை அரித்துக்கொண்டே இருந்தது.

"பாப்பாத்தியக்காவா? ரயில்வே கேட்டுப் பக்கத்துல டீக்கடை வச்சிருக்காவளே!" என்றார் கூடவே வந்து கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் வலது கையைப் பார்த்ததும் அம்மா ஓடினாள். "ஏட்டி பாப்பாத்தி, நாந்தான் சண்முகத்தாய். வந்து பாக்காமப் போயிட்டேன்டி."

அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. என்னையே பார்த்தார். "இது யாரு?"

"அன்னைக்கு வயித்துல கெடந்தவன்."

டம்ளரை வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "புள்ள தங்கலன்னுல்லா எங்கிட்ட சொன்னாவ! வெரலு போனதுகூட வீணாப் போச்சேன்னு இத்தன வருசமா நெனச்சிட்டுல்லா கெடந்தேன்."

என் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பெரியம்மா" என்றேன்.

"ரெண்டு பேரா!" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். "கூட்டிட்டு வா மக்கா. நான் பாக்கணும்."

அன்று மதியம் கடை திறக்கவில்லை. அவர் வீட்டில்தான் சாப்பாடு.

மாலை ரயில் கிளம்பிச் சில நிமிடங்களில் அந்த இடம் வந்தது. மற்றப் பயணிகளுக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஓடும் முள்ளுக்காடு. அது கடந்து போகும்வரை நானும் அம்மாவும் எழுந்து நின்றோம்.