போவதற்காகப் போட்ட கல்

எங்கள் ஊர்ப் பாலத்தின் தூண்களுக்கு அடியில் போட்ட கல் எங்கே போனது என்று யாராவது கேட்டால், தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கல்லைப் பற்றி மூன்று பக்கம் மனு எழுதியவன் நான். அந்த மனுவால்தான் என் மகளுக்குக் காது குத்துவது நின்றுபோகும் நிலைக்கு வந்தது. கல்லுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் சொல்லி முடிக்கும்போது எல்லாம் விளங்கிவிடும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

லப்பைக்குடிக்காடு கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போர்ட் நகல், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் இவற்றோடு மனுவும் எழுதித் தருவேன். தண்ணீர் வராத குழாய், எரியாத தெருவிளக்கு, நிற்காமல் போகும் பஸ் என்று எதுவானாலும் என்னிடம் வருவார்கள். திங்கட்கிழமை மனு நாளுக்குப் பெரம்பலூர் போகிற எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் கையில் என் எழுத்துதான் இருக்கும். "பெறுநர்", "பொருள்" என்று எழுத ஆரம்பித்தாலே எனக்கு ஒரு ஆவேசம் வந்துவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இது என் சுபாவம். என் மனைவி இதை வியாதி என்பாள்.

முந்தின வருடத்து மழையில் வெள்ளாறு நிறைய வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாலத்தின் தூண்களைச் சுற்றி மண்ணே இல்லை, பெரிய பெரிய பள்ளம். அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. கனரக வண்டிகள் போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் டிரம் வைத்தார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போனது. வைகாசியில் வேலை ஆரம்பித்தது. கான்ட்ராக்டரின் ஆளாக வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு ஊர் உடையார்பாளையம் பக்கம். தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்று எங்கள் ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கென்று தினமும் ஒரு குழம்பு வைத்தாள், எனக்கும் அதில் கொஞ்சம் கிடைத்தது. மூன்று வயது மகள் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மடியை விட்டு இறங்க மாட்டாள். வருகிற தையில் அதே மடியில் உட்கார்த்தித்தான் அவளுக்குக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடிதானே முறை.

வேலை நடப்பதைத் தினமும் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். லாரி லாரியாகக் கருங்கல் வந்தது. பள்ளங்களை மண் போட்டு மூடி, தூணைச் சுற்றி அந்தக் கல்லை நெருக்கமாகப் பரப்பினார்கள். அவ்வளவுதான். சிமெண்ட் இல்லை. ஒரு சட்டி கலவைகூட இல்லை. இன்றைக்குப் போடுவார்கள், நாளைக்குப் போடுவார்கள் என்று பார்த்தேன், போடவே இல்லை. பள்ளம் விழுந்திருந்த மூன்று தூணுக்கும் கல்லைப் பரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று மிஷினை ஏற்றிக்கொண்டு போகத் தயாரானார்கள். மாட்டுக் கொட்டகைக்கே சிமெண்ட் போடுகிற காலத்தில், ஆற்றுக்குள் பாலத்தைத் தாங்க வேண்டிய கல்லைச் சும்மா வைத்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. டீக்கடையிலும் இதே பேச்சுதான்.

மச்சானிடம் கேட்டிருக்கலாம். எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஆனால் எப்படிக் கேட்பது? "ஏன் சிமெண்ட் போடல?" என்று கேட்டால், "நீ திருடினாயா?" என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டால் உறவு என்னாவது? அதனால் உறவு கெடாமல் இருக்க மனு எழுதினேன். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அப்போது இது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. மச்சான் பெயரை எங்கேயும் குறிப்பிடவில்லை. "மேற்பார்வையாளர் உள்ளிட்டோர் கூட்டுச் சேர்ந்து சிமெண்டை ஏப்பம் விட்டுள்ளனர்" என்று மட்டும் எழுதினேன். ஊரில் எண்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

பத்து நாளில் விசாரணை வந்தது. டீக்கடை முன்னால் கூட்டம் கூடியது, வந்தவர்களைப் பேச விடாமல் சத்தம் போட்டோம். பிரச்சினை வேண்டாம் என்று கான்ட்ராக்டர் இரண்டு காரியம் செய்தார். ஊர்ப் பக்கத்து முதல் தூணைச் சுற்றி இருந்த கல்லின் மேல் சிமெண்ட் கலவையை ஊற்றித் தரை மாதிரி பூசிக் கொடுத்தார். மற்ற இரண்டு தூண்களின் கல்லை அப்படியே விட்டுவிட்டார். என் மச்சானை இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு போகிற வழியில் வாசலில் நின்று தங்கையிடம், "போயிட்டு வரேன்மா" என்று மட்டும் சொன்னாராம். அவள் உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வையை எந்த மனுவிலும் எழுத முடியாது. "எங்க அண்ணன் மடியில்லாம எம்புள்ளைக்குக் காது குத்த வுட மாட்டேன். உங்க எண்பது கையெழுத்தும் வந்து உக்காந்து மடி குடுக்குமா?" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசியில் மறுபடியும் ஆறு வந்தது. நான்கு நாள் செம்மண் தண்ணீர் பாலத்தை இடித்துக்கொண்டு ஓடியது. வடிந்ததும் ஊரே போய்ப் பார்த்தது. இரண்டாவது, மூன்றாவது தூண்களைச் சுற்றிக் கல்லையே காணோம்! பழையபடி பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முதல் தூணில் சிமெண்ட் பூசிய தரை மட்டும் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. "பாத்தீங்களா, சிமெண்டு போட்டது நிக்குது, சும்மா போட்டது ஆத்தோட போச்சு" என்று டீக்கடைக்காரர் எனக்கு ஒரு துண்டைப் பொன்னாடையாகப் போர்த்தினார். கழுத்தில் துண்டோடு வீட்டுக்குப் போனேன். மனைவி அதை வாங்கி அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

அந்த வாரமே பாலத்தைப் பார்க்க இன்ஜினியர் வந்தார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. நான் முன்னால் போய் நின்று, "கல்லெல்லாம் போயிடுச்சே சார், இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"போகணும்னுதாங்க போட்டது" என்றார் அவர்.

"என்ன சார் சொல்றீங்க?"

"போகலன்னாதான் நான் பயப்படணும். எனக்கு இப்ப அந்த மொத தூண் மேலதான் கவலை" என்று சிமெண்ட் தரையைக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போவதற்காக யாராவது கல்லைப் போடுவார்களா? நன்றாக நிற்கிற தூணைப் பார்த்து யாராவது கவலைப்படுவார்களா? இவரும் கூட்டுக் களவாணியோ என்றுகூட நினைத்தேன். வளைகுடாவில் துறைமுக வேலை பார்த்துத் திரும்பிய பாய் ஒருவர் கடைக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன். "அங்க கடல்லயே கல்லச் சும்மாதாங்க கொட்டுவாங்க. ஏன்னு நான் கேட்டதில்ல. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ராத்திரி சாப்பிடும்போதும் கல் ஞாபகம்தான். நான் எழுதியது சரியென்றால் மச்சான் திருடன். தப்பென்றால் நான் யார்?

மார்கழி பிறந்ததும் மனைவி ஆறு மாதத்துக்குப் பிறகு என்னிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள். "தட்டு எடுத்துட்டு வாங்க, எங்க அண்ணன அழைக்கப் போவோம்." வெற்றிலை பாக்குத் தட்டோடு உடையார்பாளையம் பக்கம் போனோம். மச்சான் முந்திரித் தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்தார். புது வேலை எதுவும் அமையவில்லை போலிருந்தது. எங்களை உட்கார வைத்து, காபி போடச் சொல்லி, மகளைத் தூக்கிக்கொண்டார். தட்டை நீட்டினோம். தட்டை வாங்கிக்கொண்டவர், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம காலைல பாலத்துக்கு வரேன். நீங்க மட்டும் வாங்க மாப்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார். கையில் நீளமான இரும்புக் கம்பி. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கச் சொல்லி, கம்பியை என் கையில் கொடுத்தார். "குத்திப் பாருங்க."

கம்பி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கை நழுவப் போகிற ஆழத்தில் டங்கென்று மோதியது. நகர்ந்து நின்று குத்தினேன், டங். இன்னும் நகர்ந்து குத்தினேன், டங். தண்ணீருக்கு அடியில் எங்கே குத்தினாலும் கல்.

"ஆறு தூணுக்கிட்ட மண்ணத் தோண்டும். தோண்டத் தோண்ட இந்தக் கல்லும் கூடவே சரிஞ்சி எறங்கி, பள்ளத்த மூடிக்கும். அதுக்கு மேல ஆத்தால தோண்ட முடியாது. அதுக்குத்தான் கட்டாம போடுறது. கட்டிப் போட்டா எப்புடி எறங்கும்?" என்றார் மச்சான்.

பிறகு முதல் தூணுக்குக் கூட்டிப்போனார். சிமெண்ட் தரையின் விளிம்பில் குனிந்து, அடியில் கம்பியை விடச் சொன்னார். விட்டேன். முழுக் கம்பியும் உள்ளே போனது. எதிலும் மோதவில்லை. என் முழங்கையும் உள்ளே போனது. நான் போராடிப் போட வைத்த தரைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மண்ணை ஆறு கொண்டுபோயிருந்தது, இறங்க முடியாத கல் சிமெண்டைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. மேலே பஸ் ஒன்று டிரம்முக்கு முன்னால் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. காணாமல் போனது இருக்கிறது, இருப்பது காணாமல் போயிருக்கிறது. பாதி புரிந்தது, பாதி இன்றுவரை புரியவில்லை.

"மச்சான், தெரியாம எழுதிட்டேன்" என்றேன்.

"தெரியாதது தப்பில்ல மாப்ள. எனக்கே மொதல்ல புரியல, இன்ஜினியரு நாலு தடவ சொன்னப்புறந்தான் ஏறுச்சு. தெனம் உங்க வூட்டுலதான சோறு தின்னேன்? கொழம்பு ஊத்தும்போது, 'ஏன் மச்சான் சிமெண்டு போடல'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் ஷட்டரைத் திறந்து மனு எழுதினேன். முதல் தூணின் சிமெண்டை மழைக்கு முன் உடைத்து எடுத்துக் கட்டாத கல் போட வேண்டும் என்பது பொருள். "பார்வை" என்ற இடத்தில் என் பழைய மனுவைக் குறிப்பிட்டேன். மேற்பார்வையாளர் மீது எந்தத் தவறும் இல்லை, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று முடித்தேன். மச்சான் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசியில் "தெரியாமல்" என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "கேட்காமல்" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் இருந்த அம்மா படித்துவிட்டு, "இது யார் மேலங்க புகார்?" என்று குழம்பினார். "என் மேலதாங்க" என்றேன். பதிவு செய்து சீட்டுக் கொடுத்தார்கள். சிமெண்டை இன்னும் உடைக்கவில்லை, வேலை வரும் என்கிறார்கள். மச்சானைக் கூப்பிடுவார்களா என்றும் தெரியவில்லை.

தையில் மச்சான் வரிசைத் தட்டோடும் பட்டுப் பாவாடையோடும் வந்தார். குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டார். ஒரு காது குத்தியதும் அவள் ஊரைக் கூட்டினாள். ஆசாரி ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்து, "அழுவுறா, கொஞ்சம் பொறுத்துக் குத்தவா, இப்பவே குத்திடவா?" என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் உத்தரவு போடுகிறவன் நான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டு மச்சானைப் பார்த்தேன்.

"என்ன மச்சான், குத்தலாமா?"

மகளின் கண்ணைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "இப்ப மட்டும் நல்லா கேக்குறீங்க மாப்ள."