சயூரன் தனியாகத்தான் போனான்

இதைப் படித்துவிட்டு ஒருவரும் சயூரனிடம் போய் உண்மையா என்று கேட்க வேண்டாம். கேட்கப் போனவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "அது சரி தம்பி, அந்தப் பெட்டை ஆர்?" நடந்தது கீழே இருக்கிறது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. பயம் வந்தால் அது உங்கள் பொறுப்பு.

2007 தை மாதம். சயூரனுக்கு இருபத்தைந்து வயது. ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் ஏழாம் மாடியில் அவனும் தாய் புஷ்பமலரும் மட்டும். சைக்கிளில் முன்னும் பின்னும் பைகளைக் கட்டிக்கொண்டு மொறோக்கோப் பாலைவனத்தைத் தனியாகக் கடக்கப் போகிறேன் என்றான். வேலையிடத்து நோர்வேக்காரர் கைகுலுக்கினார்கள். எங்கள் சனம் கைகுலுக்கவில்லை. சொந்தக் காசில் போய்க் குளிரில் சைக்கிள் உழக்குகிறவன் ஒன்றில் விசரனாக இருக்க வேண்டும், அல்லது கூட ஒரு பெட்டை போக வேண்டும். சயூரன் விசரன் இல்லை என்பது ஒஸ்லோ முழுக்கத் தெரியும்.

கம்சிகாவுக்கும் அதே சந்தேகம். குரோருட்டில் இருப்பவள், மருந்துக்கடையில் வேலை. சித்திரையில் இரண்டு பேருக்கும் கலியாணப் பதிவு, மண்டபம் பிடித்தாயிற்று. அவள் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள்.

"தனியத்தானே?"

"ஓம், தனிய."

"பொய்யெண்டு தெரிஞ்சால் பதிவு இல்லை. பிறகு வந்து விளக்கம் சொல்லக் கூடாது."

சிரிக்காமல் சொன்னாள். மருந்தை நாளுக்கு மூன்று தரம் போடுங்கள் என்று சொல்கிற அதே குரல்.

தாய் கேட்கவேயில்லை. அவ முடிவே எடுத்துவிட்டா. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பட்டினி கிடக்கக் கூடாது என்று, மகன் குளிக்கிற நேரத்தில் பைகளைத் திறந்து, இரண்டு பேருக்குக் காணுமளவு சாமான் அடைத்து வைத்தா.

பாலைவனம் படங்களில் வருகிற மாதிரி இல்லை. மணல் மேடு கிடையாது. கறுத்தக் கல்லு. கண் எட்டுகிற தூரத்துக்குக் கல்லு. பகலில் வியர்த்தது. பொழுதுபட்டால் மூச்சு வெள்ளையாக வந்தது. போத்தல் தண்ணீர் விடிய முன் உறைந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பின்பையைக் கிண்டியபோதுதான் கண்டான். இரண்டு சில்வர்ப் பேணி. இரண்டு கரண்டி. மாசிச் சம்பலும் இரண்டு போத்தல். சயூரனுக்குச் சிரிப்பு வந்தது. வெறுந்தேத்தண்ணி வைத்து இரண்டு பேணியிலும் ஊற்றினான். ஒன்றை எதிரே ஒரு கல்லில் வைத்தான். வீட்டுக்கு வந்த ஆளை உபசரிக்கிற மாதிரிக் கையை நீட்டினான்.

"வாங்கோ, குடியுங்கோ."

காற்று நின்றது. அதை அவன் பிறகுதான் யோசித்தான்.

விடிய எழும்பிப் பார்த்தால் அந்தப் பேணி வெறுமையாக இருந்தது. கழுவி, கல்லில் கவிழ்த்து வைத்திருந்தது.

முதலில் நரியைச் சந்தேகித்தான். நரி தேத்தண்ணி குடிக்கும் என்றே வைப்போம். பேணியைக் கழுவிக் கவிழ்க்கிற நரியை நல்ல தாய் தகப்பன்தான் வளர்த்திருக்க வேண்டும். பிறகு ஆட்டிடையரைச் சந்தேகித்தான். முந்தின நாள் முழுக்க ஒரு ஆட்டைக்கூட அவன் காணவில்லை.

அன்று சைக்கிள் பாரித்தது. பைகளை அவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தான். கூட ஒன்றும் இல்லை. திருப்பிக் கட்டி ஏறி உழக்கினான். பின் ரயர் அமுங்கியது… கரியரில் ஒரு ஆளை ஏற்றினால் அமுங்குமே, அப்படி. வளைவில் அவன் சரிந்தால், ஒரு கணம் பிந்தி, பின்னாலும் ஏதோ சரிந்தது.

மத்தியானம் ஒரு பொலிஸ் காவலரண். பொலிஸ்காரர் கடவுச்சீட்டு கேட்டார். கொடுத்தான். வாங்கிப் பார்த்துவிட்டு மற்றக் கையையும் நீட்டினார்.

"மதாம்?"

தான் தனிய என்று ஒரு விரலைக் காட்டினான் சயூரன். பொலிஸ்காரர் அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கடவுச்சீட்டைக் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சயூரனுக்குத் தாயில்தான் சந்தேகம் வந்தது. மொறோக்கோப் பொலிசுக்கும் போன் எடுத்துச் சொல்லியிருப்பாவோ? புஷ்பமலரை அறிந்தவர்கள் அதை நடவாத காரியம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த நாள் ஒரு சின்ன ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. கம்சிகாவுக்கு எடுத்தான். அவள் வணக்கமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை.

"ஆர் அவ?"

"எவ?"

"நேற்றிரவு ஏழு மணிக்கு உங்கடை போனை எடுத்தவ."

நேற்று ஏழு மணிக்கு அவன் கூடாரத்துக்குள் நல்ல நித்திரை. போன் வெளியே பைக்குள். அந்த இடத்தில் சிக்னலும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல தமிழ். 'அவர் படுத்திட்டார்' எண்டு சொன்னா. மெல்லிசாச் சொன்னா சயூரன், உங்களை எழுப்பிப் போடக் கூடாதெண்டு."

போன் வைபட்டது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் அவள் எடுக்கவில்லை.

இப்போது அவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட. பேய் வந்தது என்று சொன்னால் ஒஸ்லோவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெட்டை வந்தது என்றால் சத்தியம் கேட்காமலே நம்புவார்கள். யாரோ பின்தொடர்ந்து வந்து விளையாடுகிறார்கள். அந்த ஆளைக் கையும் மெய்யுமாகப் பிடித்தால்தான் சித்திரையில் கலியாணம்.

அன்று பொழுதுபட முதலே கூடாரம் அடித்தான். தேத்தண்ணி வைக்கவில்லை. போனை வெளியே ஒரு கல்லில் வைத்தான். உள்ளே போய்க் கூடார வாசல் சிப்பை இழுத்து, இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டான். ரோச் லைற்றை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு நாற்பது. நல்ல இருட்டு. ஒரு சத்தமும் இல்லை.

ஆறு ஐம்பத்தைந்து.

டிக்… டிக்… டிக்…

சைக்கிளின் பின்சில்லு. ஸ்ராண்டில் நிற்கிற சைக்கிளின் சில்லு, மெல்லச் சுற்றியது.

கரியர் ஒரு தரம் கிறீச்சிட்டது. பாரம் இறங்கின மாதிரி.

யாரோ இறங்கின மாதிரி.

பையின் சிப் திறபட்டது. ணங்… பேணி கல்லில் பட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

ஏழு மணி.

கல்லில் கிடந்த போன் வெளிச்சமானது. மணி அடிக்கவில்லை.

வெளிச்சம் மேலே எழும்பியது.

ஒரு ஆளின் காதளவு உயரத்தில் நின்றது.

பிடித்திருக்கிற கை தெரியவில்லை.

"ஓம்…" ஒரு பெண்குரல். மெல்லிய குரல். "ஓம்… இல்லை, இண்டைக்குப் படுக்கேல்லை."

சயூரன் மூச்சை அடக்கினான்.

"முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறார்."

வெளிச்சம் திரும்பியது.

கூடாரத்தின் பக்கம்.

அந்த இரண்டு விரல் இடைவெளிக்கு நேரே…

அவன் கண்ணை மூடினான். விடிந்து வெயில் துணியில் சுடும்வரை திறக்கவில்லை.

திறந்தபோது போன் தலைமாட்டில் கிடந்தது. கூடாரத்துக்கு உள்ளே. சூடாக இருந்தது. சிக்னல் ஒரு கோடும் இல்லை.

போனை ஒரு குழியில் போட்டு மேலே கல்லை அடுக்கினான். கைக்குக் கிடைத்த கல்லெல்லாம் அடுக்கினான். பிறகு சைக்கிளை மிதித்தான். சைக்கிள் பஞ்சு மாதிரி ஓடியது. பின்பாரம் இல்லை. தப்பினேன் என்று நினைத்தான் மடையன். அன்று பின்னேரமே பஸ். நாலு நாள் கழித்து விமானம்.

சைக்கிளை விமான நிலையத்திலேயே போட்டுவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே குரோருட்டுக்கு ஓடினான். கம்சிகா கதவைத் திறந்தாள். இருக்கச் சொன்னாள். அவன் பேணியில் தொடங்கிக் கல் அடுக்கினது வரை ஒன்றும் விடாமல் சொன்னான். அவள் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்புகிறாள் என்று நினைத்தான்.

"அப்ப போன் இப்ப பாலைவனத்திலை, கல்லுக்குக் கீழை."

"ஓம்."

"நான் நேற்றுப் பின்னேரம் அந்த நம்பருக்கு எடுத்தனான்."

நேற்றுப் பின்னேரம் அவன் மொறோக்கோவில், விமான நிலைய வாங்கில் படுத்திருந்தான்.

"எடுத்தவவோ?"

"எடுத்தவ. கதைக்கேல்லை. பின்னாலை ரயில் அறிவிப்புக் கேட்டது. அடுத்த தரிப்பு ஹவுகன்ஸ்டுவா, உங்கடை ஸ்டேசன்." அவள் எழும்பி வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "பாலைவனத்திலை எப்ப தொட்டு ரயில் ஓடுது, சயூரன்? மண்டபக்காரருக்கு நானே சொல்லுறன். நீங்கள் போங்கோ."

அவன் விளக்கம் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கினது வேறு. அவனுக்கு விளங்கினது வேறு. படியால் ஓடி இறங்கி, ஸ்டேசனடிக் கூண்டுப் போனில் காசைப் போட்டு வீட்டுக்கு எடுத்தான். முதல் மணியிலேயே தாய் எடுத்தா.

"அம்மா, ஆர் வந்தாலும் கதவைத் திறக்காதேங்கோ."

"ஏனடா இப்பிடி மூச்சு வாங்குறாய்?" புஷ்பமலரின் குரலில் ஒரு சந்தோசம். மெல்லிசாகக் கதைத்தா. "பயப்பிடாதை, நான் ஒண்டும் ஏசேல்லை. அவ நேற்றே வந்திட்டா. கெதியா வா, ரெண்டு பேரும் சாப்பிடாமல் உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறம்."