காற்றுப் புகாத கதவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசியில், தாம்பரத்தில் எங்கள் வீட்டில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. தை வரைக்கும் இருவரும் என்னோடுதான் என்று நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தேன். வீட்டில் ஒரே ஒரு அறை. அதன் கதவு பெட்டி அடிக்கிற பலகையில் செய்தது, விரல் நுழைகிற இடுக்கு. ஜன்னலுக்குக் கதவே இல்லை, கம்பியில் கோணிப்பை கட்டியிருந்தோம். தாம்பரத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். அடைமழையில் ஏரிப்பக்கத்து ஈரக்காற்று வரும்போது, பிள்ளை பெற்ற உடம்போடு அந்த அறையில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

குழந்தையைப் பார்க்க வண்டலூரிலிருந்து மகளின் மாமியார் வந்தார். கோணிப்பை ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சம்பந்தியம்மா, கொயந்தைய வூட்டுக்குள்ள வச்சிருக்கீங்களா, வெளியில வச்சிருக்கீங்களா? எங்க ஊரு ஜூவுல புலிக்குக்கூட நல்லா கதவு போட்டு வச்சிருக்காங்க."

நான் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கார்த்திகை முடியறதுக்குள்ள வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போயிடறேன். மார்கழி பொறந்துட்டா பச்சக் கொயந்தையோட வூடு மாத்தக்கூடாது."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. தலையை ஆட்டிவிட்டு, அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "கதவுதானே அவங்களுக்குக் குறை? போட்டுட்டா போச்சு" என்றார்.

அவர் திருமுடிவாக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். இரும்பைத் தவிர உலகத்தில் எதையும் நம்பமாட்டார். குரோம்பேட்டையிலிருந்து ஓர் ஆசாரி வந்தார். நல்ல வேப்பம்பலகை, ஒன்றோடொன்று கோத்து, ஒளி தெரியாமல் கதவு செய்தார். ஜன்னலுக்கும் இரட்டைக் கதவு. மாட்டிய அன்றுதான் தகராறு.

"சார், நெலைக்கும் கதவுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் வுடணும். ஈரத்துல மரம் ஊதும்."

"எங்க பட்டறையில மயிரிழை எடம் விட்டா மேஸ்திரி தூக்கி எறிஞ்சிடுவாரு. காத்து வரக்கூடாதுன்னு கதவு செய்யச் சொன்னா, நீ காத்துக்கு வழி விடறேங்கிற!"

"அது இரும்பு சார். இது மரம்."

"ரெண்டும் அளவுதான்யா."

ஆசாரி என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க." நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்காரர் சொன்னபடியே மாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், அறை அப்படி ஒரு கதகதப்பு. மகள் போர்வையை உதறிவிட்டுத் தூங்கினாள். குழந்தை குல்லா இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதவைச் சாத்திக் காட்டினார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெந்நீரும் துணியுமாக நான் போய் வந்துகொண்டே இருந்ததால் கதவைச் சாத்தவேயில்லை, ஒருக்களித்தே கிடந்தது. மரம் ஊதியது யாருக்கும் தெரியாது.

கார்த்திகையின் கடைசி நாள், சம்பந்தியம்மா ஆட்டோவோடு வந்து இறங்கினார். உச்சிக்குள் கிளம்ப வேண்டுமாம். அதற்குப் பிறகு நேரம் சரியில்லை, விடிந்தால் மார்கழி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "புதுக்கதவு..." என்று மட்டும் சொன்னேன்.

"அதையுந்தான் பாக்கறேன்" என்று மகளும் குழந்தையும் இருந்த அறைக்குள் போனவர், கதவைப் படாரென்று உட்பக்கமிருந்து தள்ளிச் சாத்தினார். தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, மனசில்லாமல் ஒரு குரல்: "நெருப்பு ஆடலையே!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த குரல்: "இன்னாடி இது, தொறக்கல?"

அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது. வெளியே நானும் வீட்டுக்காரரும் தள்ளினோம். ஆட்டோக்காரர் தோள் கொடுத்தார். "இன்னாண்ணா, கதவா இது? லாக்கர் கணக்கா கீது!" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆசாரியைத் தேடிப் போனார்.

நல்லவேளையாக ஜன்னல் திறந்தது. ஆனால் கம்பி. கம்பி வழியாகக் காபி கொடுத்தேன், இட்லி கொடுத்தேன், குழந்தைக்குத் துணி கொடுத்தேன்.

"மணி இன்னா ஆவுது?" என்றார் சம்பந்தியம்மா.

சொன்னேன்.

"ஒரே புழுக்கமா கீது. விசிறி இருந்தா குடுங்க."

விசிறியை மடக்கிக் கம்பிக்குள் நுழைத்தேன். என் முகத்தில் சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்தே நின்றேன். காத்திருந்து பார்த்த ஆட்டோக்காரர், வேறு சவாரி வந்ததும் போய்விட்டார்.

ஆசாரி வந்தபோது உச்சி தாண்டிவிட்டது. ஆப்பை இடுக்கில் வைத்துத் தட்டித் திறந்தார். ஓரத்தை இழைத்துக்கொண்டே, "எவ்ளோ எடம் வுடட்டும் சார்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

சம்பந்தியம்மா வியர்த்துப்போய் வெளியே வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கட்டி வைத்த மூட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தை பொறந்ததும் வரேன். குளுருதுன்னு இனிமே நான் சொல்ல முடியாது. ஆனா நான் பஸ்ஸு ஏர்ற வரைக்கும் அந்தக் கதவை யாரும் தொடாதீங்க."

அந்த மார்கழி முழுக்கப் பேத்தி என் மடியில்தான்.

இதில் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமில்லை. நாங்கள் வெளியிலிருந்து தள்ளியபோது, உள்ளேயிருந்து மகள் இழுத்தாளா, இல்லை அவளும் எங்களை எதிர்த்துத் தள்ளினாளா? சம்பந்தியம்மா அப்போது குழந்தையோடு கட்டிலில் இருந்தாராம். நான் கேட்டால் மகள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். உங்களில் யாராவது அவளிடம் கேட்டு, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.