ஆடிக்கு முந்தின நாள் எடுத்த வேன்

பிள்ளைகளா, உங்கள் மாமா ஏன் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று பல தடவை கேட்டிருக்கிறீர்கள். வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறி ஓட்டுகிறான், நேரமில்லை என்று சொல்லிவந்தேன். அது பாதிதான் உண்மை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். தெரிந்தமட்டும் எழுதுகிறேன். நீங்களும் ஒருநாள் வண்டி வாங்கப் போவீர்கள், அதற்காகவும்தான்.

அப்போது நம்மிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. தோட்டத்துச் சந்தியிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் வாடகைக்கு ஹயர் ஓடும். ஓட்டியது உங்கள் அம்மாவின் தம்பி, அதாவது மாமா. அதற்காகவே அவன் தோட்டத்து வேலையை விட்டான். தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிட்டார்கள், திரும்பப் போக முடியாது. ஆறு வருடம் நான் கொடுத்த குறைந்த சம்பளத்துக்கு ஓட்டினான். "புது வேன் வந்ததும் இந்தக் கார் ஒனக்குத்தான். ஓடி ஓடி மெதுவாக் காசு குடு" என்று உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னவன் நான்.

அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பதுளை டவுனில் ஒரு முதலாளி ஜப்பான் வேன்களைக் கொண்டுவந்து விற்றார். மூன்று தடவை போய் விலை பேசினேன். கதிரையில் உட்காருவேன், கோபித்தவன்போல் எழும்புவேன், வாசல்வரை போய்த் திரும்புவேன். மூன்றாவது தடவை நாலாயிரம் ரூபாய் குறைத்தார், கையில் இல்லாத காசுக்குக் கடன் கொடுக்க ஒரு கம்பெனியையும் அவரே பிடித்துத் தந்தார்.

"அண்ணே, ஒங்க வாய்க்கு வேன் என்ன, என் கடையவே எழுதிக் குடுத்துருவேன் போல. மொதல்ல டீயக் குடிங்க" என்றார்.

அது எனக்கு இனித்தது. அந்த இனிப்பில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வியாழக்கிழமை வர்றேன் முதலாளி. பதினொன்னே முக்காலுக்குள்ள வேன் ரோட்டுல ஏறிரணும். ஐயர் குறிச்சுக் குடுத்த நேரம். மறுநாள் ஆடி பொறந்துருது, அப்புறம் ஒரு மாசத்துக்கு நாங்க எதையும் எடுக்க மாட்டோம்."

"ஓ, ஆடியா?" என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சும்மா பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாமாதான் காரில் கூட்டிப்போனான். காற்றுக் காலம், டவுன் முழுக்கத் தூசி. மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு அவன் வெளியே நின்றான். பத்தரைக்கு நான் உள்ளே போனேன். முதலாளி இல்லை, வங்கிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். டீ வந்தது. பதினொன்றேகாலுக்கு முதலாளி வந்தார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"கொழும்புல இருந்து போன் அண்ணே. புது வெல. பேசினதுக்கு மேல எட்டாயிரம்."

"எட்டாயிரத்துக்கு நான் எங்க போவேன்? பேச்சுன்னா பேச்சு இல்லையா?"

"அவசரம் இல்லைன்னா அடுத்த மாசம் பாப்போமே."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆவணியில் எடுத்தால் என்ன என்று இன்று நீங்கள் கேட்பீர்கள். அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று, கோயிலில் பூசைக்கும் சொல்லியாயிற்று. வெறுங்கையோடு போனால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது.

அவர் ஜன்னல் வழியாக வெளியே கைகாட்டினார். "அந்தப் பழச இங்கயே விட்டுட்டுப் போங்க. எட்டாயிரத்த நான் பாத்துக்கிறேன்."

பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து, "சாவியக் குடு" என்றேன்.

"ஏன் மச்சான், காருக்குள்ள ஏதும் வச்சிட்டீங்களா?"

சொன்னேன். அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"வேன் வாங்க வந்த ஆளு என் காரை வித்துட்டீங்க. நல்ல யாவாரம்."

"ஒனக்கு வேற ஒண்ணு பாத்துத் தர்றேன். வேன்ல கண்டக்டரா வா, சம்பளம் கூட்டித் தர்றேன்."

"வேணாங்க மச்சான். நேரம் போகுது. போய்ப் பழத்த நசுக்குங்க."

பழத்தையும் மாலையையும் என் கையில் வைத்தான். அவன் கட்டையான ஆள். சீட்டில் ஒரு குட்டி மெத்தை போட்டுத்தான் ஓட்டுவான். அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் வேனைச் சுற்றிக் குதித்தீர்கள். உங்கள் அம்மா மட்டும், "தம்பி எங்கங்க?" என்றாள். பஸ்ஸில் வருகிறான் என்றேன். அவன் வரவில்லை.

முதல் தவணை கட்டப் போனபோது, கடன் கொடுத்த கம்பெனியின் கிளாக்கர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "புது வண்டில முதலாளிக்குப் பெருசா லாபம் ஒண்ணும் நிக்காது ஐயா. ஒங்கள எங்ககிட்டக் கூட்டியாந்ததுக்கு நாங்க கமிஷன் குடுப்போம். இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். சீட் கவர், கார்ப்பெட்ல கொஞ்சம். ஆனா அவரோட சோறு பழைய வண்டிலதான்." நான் மூன்று நாள் தொண்டை வற்றப் பேசியது முதலாளிக்கு ஒரு பொருட்டே இல்லாத புது வண்டி விலையில். அதனால் சொல்கிறேன்: புதிய வண்டியையும் பழைய வண்டியையும் ஒரே மேசையில் பேசாதீர்கள். எந்த நாளில் எடுக்கவேண்டும் என்பதை விற்பவன் காதில் போடாதீர்கள். ஆனால் முதலாளி என்னைக் கட்டிவைத்துக் கையெழுத்து வாங்கவில்லை. வேறொருவனுக்கு என்று சொன்ன பொருளைக் கொடுத்தது நான்.

ஆடி முடிந்ததும், கடன்பட்டாவது காரை மீட்டுவிடலாம் என்று போனேன். இருபத்திரண்டாயிரத்துக்கு மொனராகலைப் பக்கம் யாரோ கொண்டுபோய்விட்டார்களாம். அதற்குள் மாமாவும் வெலிமடைக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வேனை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக, முன்பு கார் நின்ற கொட்டகையைக் கூட்டினேன். மூலையில் ஒரு பால்மா டின் கிடந்தது. கார் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டும். தரை கெடாமல் இருக்க மாமா ஒவ்வொரு நாளும் அதை அடியில் வைத்துவிட்டுத்தான் போவான். பாதி டின் கறுப்பு எண்ணெய் இருந்தது. ஒரு பழந்துணியை அதில் தோய்த்து, கறையான் ஏறாதபடி கொட்டகைக் கால்கள் நான்குக்கும் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை பூசினேன்.